மூன்றாவது பெஞ்சில் நடு இடம்

என் அத்தை பொன்செல்வியின் கல்யாண ஓலையை ஐயர் முதல் தடவை வாசித்தபோது கோயிலுக்குள் யாரோ விசில் அடித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம். ஒரு கல்யாணம் நிச்சயமானால், இன்னாருக்கும் இன்னாருக்கும் என்று அவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் வாசிப்பார். யாருக்காவது தடை தெரிந்தால் எழுந்து சொல்லலாம். அதுதான் ஓலை. நல்லாயன்புரத்தில் இதுவரை யாரும் எழுந்து எதுவும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு ஐயர், "ஏரல் சபையைச் சேர்ந்த, மனைவியை இழந்தவரான சுந்தர் என்பவருக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த கன்னிகை பொன்செல்வி என்பவருக்கும்" என்று வாசித்தார். 'கன்னிகை' என்ற இடத்தில்தான் விசில் வந்தது. பெண்கள் பக்கம் முழுவதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கியது. தபேலா வாசிக்கிறவர் மட்டும் மிகுந்த பக்தியோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு வயது நாற்பத்து மூன்று.

ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் கல்யாணப் பெண் கோயிலுக்கு வருவதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் ஆராதனை முடிந்ததும் நான் வீட்டுக்கு ஓடி, எல்லாவற்றையும் அத்தைக்கு நடித்துக் காட்டினேன். அவள் தன் லோடு ஆட்டோவுக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விசிலா? எத்தன விசிலு?"

"ஒண்ணுதான்."

முகம் மட்டும் வெளியே வந்தது. நெற்றியில் கிரீஸ். "நாப்பத்து மூணு வருசம் காத்துக் கெடந்ததுக்கு ஒத்த விசிலு! கஞ்சப்பய சபைட்டி இது, டார்லின்."

வண்டியே ஆடும்படி சிரித்தாள். சிரித்து முடித்ததும், "மதினிமார் ரெண்டு பேரும் எப்படி உக்காந்திருந்தாவ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் சிரிப்பு இல்லை.

"நடுவுல பை இருந்துச்சு. பைக்கு மேல குடை. குடைக்கு மேல பெரியம்மாவோட வேதப்புஸ்தகம்."

"மூணாவது ஓலை அன்னைக்கு நற்கருணையாச்சே," என்றாள் அத்தை. "அன்னைக்கு என்ன, பையா சமாதானம் குடுக்கும்?"

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்த நடு இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தாத்தா இறந்ததும் வீட்டைப் பிரித்தார்கள். கிழக்குப் பக்கம் பெரியப்பாவும் பெரியம்மா ஞானப்பூவும். மேற்குப் பக்கம் அப்பா, அம்மா முத்துராணி, நான். நடுவில் ஓர் அறை யாருக்கும் பிரிக்க முடியாமல் மிஞ்சியது. தங்கையும் அப்படியே மிஞ்சினாள். மிஞ்சியதை மிஞ்சியதில் வைத்தார்கள். அந்த அறைக்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. காலையில் பெரியம்மா வீட்டுச் சட்னி அந்தக் கதவு வழியாக வரும். அம்மா வீட்டு இட்லி இந்தக் கதவு வழியாக வரும். அத்தை இரண்டையும் கலந்து தின்றுவிட்டு இலைக்கட்டு ஏற்றப் போவாள். ஆற்றுக் கரையோரத் தோட்டங்களில் அறுத்த வாழை இலையைக் கட்டுக்கட்டாக ஏற்றி, திருநெல்வேலிச் சந்தைக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கொண்டுபோய் இறக்குவது அவள் தொழில். யார் கல்யாணத்துக்கு இலை இறக்கினாலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாள். "அழைப்பு?" என்று யாராவது கேட்டால், "நீங்க சாப்பிடுத இலையே நான் கொண்டாந்ததுதான்" என்பாள்.

இரண்டு வீடும் பேசாமல் போனதற்குக் காரணம் முந்திரிக்கொத்து. சொன்னால் சிரிப்பீர்கள். நாங்கள் பத்து வருஷத்துக்கு மேலாகச் சிரிக்காமல் இருந்தோம்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று காலையில் பெரியம்மா தான் செய்த முந்திரிக்கொத்தை, பயறும் வெல்லப்பாகும் பிசைந்து மாவில் தோய்த்துப் பொரித்த உருண்டைகளை, ஒரு தட்டு நிறைய அம்மாவுக்குக் கொடுத்தார். அன்று சாயங்காலம் ஐயர் வீட்டம்மா எல்லா வீடுகளுக்கும் பலகாரம் கொடுத்துக்கொண்டு வந்தார். பெரியம்மா மூடியைத் திறந்தார். உள்ளே அவருடைய முந்திரிக்கொத்தே இருந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும்தான் முந்திரிக்கொத்து செய்வார்கள். ஆனால் பெரியம்மா கையிலிருந்து எண்ணெயில் விழுகிற கொத்துக்கு மட்டும் மாவு இழுபட்டு ஒரு சின்ன வால் இருக்கும். வாலோடு திரும்பி வந்திருந்தது. நான் கொடுத்ததைத் தின்னக்கூடப் பிடிக்காமல் ஐயர் வீட்டுக்குத் தள்ளிவிட்டாள் என்று பெரியம்மா அந்தத் தட்டை அப்படியே எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்க் கதவை அடைத்தார். அம்மாவும் எங்கள் கதவை அடைத்தார். அப்பாவும் பெரியப்பாவும் டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். தெரு முனை வந்ததும் அந்நியர்கள் ஆகிவிடுவார்கள். ஆகாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு கிடைக்காது.

கோயிலில் மூன்றாவது பெஞ்ச் பெரியம்மா, அம்மா இருவருடைய மாமியார் உட்கார்ந்த பெஞ்ச். எழுந்து வேறு பெஞ்சுக்குப் போகிறவள் தோற்றவள். ஆகவே இரண்டு பேரும் போகவில்லை. நடைப் பக்கம் பெரியம்மா, ஜன்னல் பக்கம் அம்மா. அப்பமும் ரசமும் பகிர்கிற நற்கருணை ஞாயிற்றில் ஐயர் சமாதானம் கொடுப்பார். அது கையிலிருந்து கைக்கு வரும்: ஒருவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்ட, அடுத்தவர் தன் இரண்டு கையாலும் அதைப் பொதிந்து வாங்கி, பிறகு திரும்பித் தன் பக்கத்து ஆளுக்குக் கொடுப்பார். அந்த முந்திரிக்கொத்துக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த மாதம், மூன்றாவது பெஞ்சில் அது பெரியம்மாவோடு நின்றுபோனது. பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்த அத்தை அதைப் பார்த்தாள். பாட்டின் நடுவிலேயே இறங்கி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய மதினியிடம் வாங்கினாள், சின்ன மதினியிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் பாடகர் குழுவுக்குத் திரும்பவே இல்லை. அந்த இழப்பைச் சபை சந்தோஷமாகத் தாங்கிக்கொண்டது. அவள் பாட்டு அப்படி.

ஒருமுறை அவளிடம் கேட்டேன், "அப்படி வாங்கிக் குடுக்கும்போது என்ன நெனப்பீங்க அத்தை?"

"பசிக்கும். வேற என்ன நெனைக்க?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "பெரிய மதினி கை எப்பவும் சூடா இருக்கும்ட்டி. அந்தச் சூடு ஆறதுக்குள்ள இந்தப் பக்கம் திரும்பிருவேன்," என்றாள்.

சுந்தர் ஏரலில் இலை வியாபாரி. அமைதியான மனிதர், இலைக்கட்டைக்கூடத் தூங்குகிற குழந்தையைப் போலத்தான் தூக்கி வைப்பார். அத்தை அவரை எல்லாரையும் போல அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன மாசி மாதம் ஏரல் பாலத்தில் ஆட்டு மந்தை மறித்து வண்டி நின்றது. பக்கத்து இருக்கையில் அவர். கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த அண்ணாச்சிய மட்டும் கொஞ்சம் விட்டுருங்க," என்றாராம்.

"ஏன், இனி மொதலாளின்னு கூப்பிடணுமோ?"

"கூப்பிடவே வேண்டாம். கூடவே இருந்தாப் போதும்."

அத்தை பதில் சொல்வதற்குப் பதிலாக ஹாரனை அழுத்தினாள். ஆடுகள் சிதறி ஓடின. ஒரு கிடா திரும்பி முறைத்ததாம். அது ஒன்றுதான் அந்தக் கல்யாணத்துக்கு எதிர்ப்பு என்று அப்போது நினைத்தோம்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. அன்று மாலை அத்தை என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரை வரை போய் நிறுத்தினாள்.

"சுந்தர்ட்ட சொல்லிட்டேன்ட்டி. மூணாவது ஓலை அன்னைக்கு அந்தப் பெஞ்சுல சமாதானம் போகலன்னா நான் ஏரலுக்கு வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்தை! அவங்க சண்டைக்கும் உங்க கல்யாணத்துக்கும் என்ன?"

"நான் போயிட்டா நடு ரூம்பு ரெண்டு கதவையும் அடைச்சிருவாவ. பூட்டு வாங்கியாச்சு, பாத்தேன். ஆளுக்கு ஒண்ணு. ஒரே கடையில, ஒரே பூட்டு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அங்கன போயி நான் அந்த மனுசனுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருப்பேன். இங்கன ஒரு வீட்ல காய்ச்சல்னா அடுத்த வீட்டுக்குத் தெரியாது. எனக்குத் தொண்டையில இறங்குமா?"

"அவரு என்ன சொன்னாரு?"

"காத்திருக்கேன்னாரு. அழுகையா வந்துச்சு. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்." பிறகு என் முழங்காலில் அடித்தாள். "அதனால நடுவுல நீ உக்காரு. நீ படிச்சவ."

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையதுதான். அதனால் மோட்டார் ரிப்பேர் ஆனாலும் கூப்பிடுவார்கள், கடவுள் விஷயத்தில் சந்தேகம் என்றாலும் கூப்பிடுவார்கள். இரண்டும் எனக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்த மூன்று வருஷத்தில் சில கேள்விகள் என் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன, போகவில்லை. அன்பு என்பதைக் கட்டளையாகக் கொடுக்க முடியுமா? கொடுத்தால் அது அன்பா? நான் பாதி நம்புகிறவள். பாதி நம்புகிற ஆளின் கை வழியாகச் சமாதானம் போகுமா? கம்பிக்கு மின்சாரத்தின் மேல் நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் நான் கம்பி இல்லையே. கம்பி ராத்திரி படுத்துக்கொண்டு இப்படி யோசிக்காது.

மூன்றாவது ஞாயிறு. நான் பை, குடை, புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தேன். பெரியம்மா நடைப் பக்கம் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். இரண்டு பேர் மேலும் எண்ணெய்ப் பலகார வாசம் அடித்தது. இருவரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், அத்தை கல்யாணத்துக்கு முந்திரிக்கொத்து செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஐயர் இளைஞர், போன வருஷம்தான் வந்தவர். அன்பு நாம் கிணறு வெட்டி எடுத்த தண்ணீர் இல்லை, மேலே அணையிலிருந்து திறந்துவிட்டது, நம் வேலை மடையை அடைக்காமல் இருப்பதுதான் என்று பிரசங்கம் செய்தார். விவசாயிகள் தலையாட்டினார்கள். அணையில் தண்ணீர் திறக்காத வருஷத்தை நினைத்துச் சிலர் ஆட்டவில்லை. பிறகு ஓலையை எடுத்தார்.

"இது மூன்றாம் முறை. இவர்கள் இணைக்கப்படாதபடிக்கு யாருக்காவது தடை தெரிந்திருந்தால் இப்போதே சொல்ல வேண்டும்."

"எனக்குத் தெரியும்," என்று ஒரு குரல் கேட்டது.

சபை மொத்தமும் திரும்பியது. குரல் ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது.

"யாரு அது?" என்றார் ஐயர்.

"நான்தான் ஐயரே, பொன்செல்வி."

"எந்தப் பொன்செல்வி?"

"நீங்க இப்ப வாசிச்ச பொன்செல்வி."

சமாதானம் போகிறதா என்று ஒட்டுக் கேட்பதற்காக ஜன்னலுக்கு அடியில் வந்து குந்தியிருந்திருக்கிறாள். மூன்றாவது ஓலை காதில் விழுந்ததும், சமாதானம் வருகிறவரை பொறுக்க முடியாமல் எழுந்து நின்றுவிட்டாள். கம்பிகளுக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. ஐயர் கையிலிருந்த புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கல்யாணப் பெண்ணே தடை சொன்னால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை போலும்.

"மாப்பிள்ளை மேல ஏதும் குறையாம்மா?"

"அந்த மனுசன் தங்கம்." இங்கே இரண்டாவது விசில் வந்தது. "தடை உங்க கோயிலுக்குள்ளதான் இருக்கு ஐயரே. மூணாவது பெஞ்சு. நான் போயிட்டா அங்கன சமாதானம் நின்னுபோகும். அத நிப்பாட்டிட்டு நான் மட்டும் போயி நல்லா இருக்க மாட்டேன். ஓலையை வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

 என் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே நேரத்தில் எழுந்தன.

"ஏட்டி கிறுக்கி!" என்றார் பெரியம்மா.

"ஏட்டி கிறுக்கி!" என்றார் அம்மா.

இரண்டு பேரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியம்மாதான் முந்திக்கொண்டார். "எல்லாம் உன்னாலதான். ஒரு பிள்ளை வாழ்க்கையக் கெடுத்துட்ட."

"என்னாலயா? தட்டக் கொண்டாந்து வாசப்படியில வச்சது யாரு, அக்கா?"

"நான் ஆசையாக் குடுத்ததத் தின்னாம ஐயர் வீட்டுக்குத் தள்ளுனது யாரு?"

"தள்ளல!" அம்மா குரல் கீச்சிட்டது. "அந்த ஐயரம்மா அந்த வருசந்தான் புதுசா வந்திருந்தாவ. நான் செஞ்சதுல பாகு முறுகிக் கல்லாப் போச்சு. வீட்ல இருந்ததுல நல்லது நீங்க குடுத்ததுதான். நல்லத ஒண்ணு குடுக்கணும்னுதான் அதக் குடுத்தேன். அவங்க அத ருசியா இருக்குன்னு நல்லவங்களுக்குக் குடுக்கணும்னு உங்க வீட்டுக்கே கொண்டாந்தா நான் என்ன செய்ய?"

"இத அன்னைக்கே சொன்னா என்ன?"

"நீங்க எங்க கேட்டிய? கதவத்தான அடைச்சிய!"

 நாற்பது பெஞ்சு ஜனமும் முன்னால் சாய்ந்து காத்திருந்தது. ரொம்பச் சின்னக் குரலில் பெரியம்மா கேட்டார்:

"நல்லாவா இருந்துச்சு?"

"ஒண்ணே ஒண்ணு தின்னேன்க்கா. இன்னும் நாக்குல இருக்கு."

முதலில் சிரித்தது ஐயர். அங்கியின் கையால் வாயை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கோயிலே சிரித்தது. ஆண்கள் பக்கத்தில் அப்பாவும் பெரியப்பாவும், இனிமேல் நடிக்க வேண்டாம் என்பது உறைத்ததும், ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள்.

"பொன்செல்வி, அப்ப தடை..." என்றார் ஐயர்.

"இருங்க ஐயரே. இன்னும் கை குடுக்கல," என்றது ஜன்னல்.

ஐயர் நடுவில் இருந்த ஜெபங்களை எல்லாம் தாண்டிவிட்டு இறங்கி நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்தார். பெரியம்மாவின் கையில் சமாதானத்தைக் கொடுத்தார். பெரியம்மா திரும்பினார். நடுவில் நான் இருந்தேன். கையை நீட்டுவதா, எழுந்துவிடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே நான்கு கைகள் என் மடிக்கு மேல் சேர்ந்துவிட்டன. நான் பின்னால் சாய்ந்து மூச்சை அடக்கிக்கொண்டேன். அவை சீக்கிரம் பிரியவில்லை. அம்மாவின் வளையல் என் மூக்கில் இடித்தது. பிறகு அம்மா ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டார். பெரியம்மாவும் என்மேல் ஏறாத குறையாக எட்டிக் கையை விட்டார். வெளியிலிருந்து கிரீஸ் படிந்த இரண்டு கைகள் அவற்றைப் பொதிந்துகொண்டன.

"வாபஸ வாபஸ் வாங்குதேன் ஐயரே!" என்று கத்திவிட்டு அத்தை ஓடினாள். அடுத்த நிமிஷம் வேப்பமரத்தடியிலிருந்து லோடு ஆட்டோவின் ஹாரன் விடாமல் அலறியது. ஏரலுக்குக் கேட்டிருக்கும்.

என் முதுகில் ஒரு விரல் குத்தியது. "ஏட்டி டார்லின், எங்க பெஞ்சுக்கு எப்ப வரும்? பின்னால நாங்களும் மனுசங்கதான்."

கேள்விகள் எல்லாம் தலைக்குள் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பதில் தேட நேரமில்லை. பெரியம்மா என் கையைப் பிடித்தார். அத்தை சொன்னது போலச் சூடாகத்தான் இருந்தது. ஆறுவதற்குள் பின்னால் திரும்பினேன்.

கல்யாணத்தன்று காலையில் தன் கல்யாணத்துக்கான இலையைத் தானே ஓட்டிக்கொண்டு வருவேன் என்று அத்தை அடம்பிடித்தாள். பட்டுச்சேலையோடு கீழே இறங்கியபோது சுந்தர் கட்டுகளை இறக்கிக்கொண்டே, "கூடவே இருந்தாப் போதும்னுதான் சொன்னேன், சுமந்துக்கிட்டு வரச் சொல்லல," என்றார். பந்தியில் இரண்டு விதமான முந்திரிக்கொத்து பரிமாறினார்கள். வால் உள்ளது முதலில் தீர்ந்தது. அம்மாவுடையதில் பாகு மறுபடியும் முறுகியிருந்தது. நடு அறைக்கு வாங்கிய பூட்டுகளில் ஒன்றைப் பெரியப்பா கோழிக்கூண்டுக்குப் போட்டார். இன்னொன்று எங்கே என்று தெரியவில்லை.

அடுத்த நற்கருணை ஞாயிறு நான் பழக்கத்தில் மூன்றாவது பெஞ்சுக்குப் போனேன். அம்மாவும் பெரியம்மாவும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பாகு பதத்தைப் பற்றிக் காரசாரமாகக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளுங்க," என்றேன்.

இருவரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"இடமில்லட்டி, பின்னால போ."